அந்தச் சொல் வேண்டாம் தம்பி

அன்புள்ள ஐயா,
புதுச்சேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மீன்வலையில் சிக்கெடுக்க ஒரு கருவி செய்திருக்கிறேன். காப்புரிமை வாங்கலாமா? வாங்கினால் சுயநலம் என்கிறார்கள் நண்பர்கள். ஆனால் நம் கம்பெனிகள் வெளிநாட்டு மருந்தைக் காப்பியடித்துத் திருட்டு மருந்து விற்கும் நாட்டில், கண்டுபிடிக்கிறவனுக்கு என்னதான் மிச்சம்?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நண்பர்கள் சொல்வதை விடுங்கள். "திருட்டு மருந்து" என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது.

2007-ல் என் சித்தப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். கடலூர் முதுநகரில் வலை பின்னிக்கொண்டிருந்தவர். மாதம் ஒருமுறை பஸ் ஏறி, கோரிமேட்டில் ஜிப்மருக்கு அவரைக் கூட்டிப்போவேன். இமாட்டினிப் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி நோவார்ட்டிஸ் அதை விற்ற பெயர் க்ளிவெக்; அது என்றால் அப்போது மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய், நம் கம்பெனிகள் செய்த அதே மருந்து 10,000 ரூபாய்க்குள். அந்தப் பத்தாயிரத்துக்கே படகில் இருந்த பங்கை விற்றோம். பேத்தியின் காதுகுத்தை மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் விழுங்கியது திருட்டுப் பொருளா?

கண்டுபிடித்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்களை நினைத்துச் சித்தப்பா தினமும் கும்பிட்டார். ஆனால் காப்புரிமை பாட்டன் சொத்து இல்லை. செய்முறையை ஒளிக்காமல் எழுதிக்கொடு, 20 வருஷம் நீ மட்டும் சம்பாதி, அப்புறம் ஊருக்கு விடு, இவ்வளவுதான் பேச்சு. இருபது வருஷம் குறைவா? அது முடியும் நேரத்தில் அதே மருந்தின் இன்னொரு வடிவத்தைக் காட்டி இன்னொரு இருபது கேட்டால்? அதைத் தடுக்கத்தான் 2005-ல் நம் சட்டத்தில் 3(டி) பிரிவைத் திருத்தினார்கள்: தெரிந்த மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும். இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது, 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. சட்டப்படி விற்ற மருந்து தம்பி அது. திறன் கூடியதா என்று கேட்பதில் கண்டுபிடித்தவனுக்கு என்ன அநியாயம்? உண்மையிலேயே கூடியிருந்தால் கொடுத்திருப்பார்களே! அந்த ஒரு பிரிவு இல்லையென்றால் சித்தப்பா மாதிரி எத்தனை பேர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருப்பார்கள், அதை யோசித்தீர்களா?

உங்கள் கருவிக்குத் தாராளமாக வாங்குங்கள், உழைப்புக்குக் கூலி கேட்பது சுயநலமில்லை. கல்லூரிக் கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிடுங்கள், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருக்கிறது. ஒருமுறை முதுநகருக்கு எடுத்து வாருங்கள், சித்தப்பாவின் பழைய வலை ஒன்று இன்னும் பரணில் சிக்கலோடுதான் கிடக்கிறது.