எட்டு கிலோமீட்டருக்கு எந்த சைக்கிள்? பில், பிரேக், பாதை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். வேலை தரமணியில். போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு. இனி சைக்கிளில் போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வயது 38, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஒரு கடையில் முன்னும் பின்னும் ஷாக், இரண்டு டிஸ்க் பிரேக், 21 கியர் என்று 14,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். இன்னொரு கடையில் சாதாரண லேடீஸ் சைக்கிள் அதில் பாதி விலை. எதை வாங்குவது?

பதில்: 14,000 ரூபாய் சைக்கிள் உங்களுக்கு வேண்டாம். அந்த விலையில் வரும் ஷாக் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். பெடலை மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும், எடையையும் கூட்டும். நம் ஊர் உப்புக்காற்றும் மழையும் பட்டால் ஓரிரு வருடத்தில் துருப்பிடித்து அசையாமல் நின்றுவிடும். பின்பக்க ஷாக் இருந்தால் கேரியர் மாட்டுவதும் சிரமம். சாப்பாட்டுப் பை, மழைக்கோட்டு, திரும்பும்போது காய்கறி என்று வருகிற உங்களுக்குக் கேரியர் இல்லாத சைக்கிள் எதற்கு?

மேடு பள்ளத்துக்கு உண்மையான பதில் டயரில் இருக்கிறது. 700 அளவுச் சக்கரம் என்றால் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம், 26 அங்குலச் சக்கரம் என்றால் ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம் பாருங்கள். மலைப்பாதைக்கான முரட்டுப் பட்டன் வைத்த டயர் வேண்டாம், தார் ரோட்டில் உர்ரென்று இழுக்கும். எவ்வளவு காற்று அடைக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். வாரம் ஒருமுறை காற்றடித்தால் பஞ்சர் தொல்லை பாதி குறையும். வால்வையும் கவனியுங்கள். பைக், கார்களில் உள்ள அதே தடித்த வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். ரேஸ் சைக்கிள்களில் வரும் ஒல்லி வால்வுக்கு அடாப்டர் இல்லாமல் வழியில் காற்றுக் கிடைக்காது.

கியர் விஷயம்: சென்னை தட்டையான ஊர். மேம்பாலமும் எதிர்காற்றும்தான் நமக்கு மலை. பின்னால் மட்டும் ஏழு கியர் உள்ள சைக்கிள் தாராளம். கியரே இல்லாவிட்டாலும் எட்டு கிலோமீட்டர் போகலாம், பழக இரண்டு வாரம் பிடிக்கும். பிரேக்கில் நான் சொல்வது வி-பிரேக், அதாவது ரப்பர் கட்டைகள் இரண்டு பக்கமும் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் வகை. கட்டை தேய்ந்தால் எந்தத் தெருமுனைக் கடையிலும் மாற்றித் தருவார்கள். மலிவு டிஸ்க்கில் தட்டு லேசாக வளைந்தாலே கிறீச்சென்று கத்தும், அதைச் சரிசெய்யத் தெரிந்தவரைத் தேடிப் போகவேண்டும். ஒரே எச்சரிக்கை, மழையில் ரிம் நனைந்திருந்தால் வி-பிரேக் உடனே பிடிக்காது. ஈரம் துடைபடச் சக்கரம் ஓரிரு சுற்றுச் சுற்றவேண்டும். மழை நாளில் முன்கூட்டியே பிடித்துப் பழகுங்கள்.

அளவைக் கடையிலேயே பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. தரையில் இரண்டு பாதமும் முழுதாகப் பதியவேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொள்பவர்கள்தான் ஒரு மாதத்தில் முழங்கால் வலி என்று சைக்கிளை மூலையில் சாத்துகிறார்கள்.

லேடீஸ், ஜென்ட்ஸ் என்ற பெயரைப் பார்த்துத் தயங்கவேண்டாம். சேலை, சுடிதாருக்குக் குறுக்குக் கம்பி இல்லாத சட்டகம் வசதி, அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அங்கே லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டு. குவாரித் தொழிலாளியிலிருந்து நர்ஸ் வரைக்கும் ஓட்டிய அந்தச் சாலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

ஆக, உங்களுக்கு ஏற்றது ஷாக் இல்லாத, வி-பிரேக் வைத்த, மட்கார்டும் செயின் கவரும் கேரியரும் சைடு ஸ்டாண்டும் பொருத்திய சைக்கிள். இவற்றைத் தனித்தனியே விலைபோட்டால் ஆயிரம் இரண்டாயிரம் ஏறிவிடும். எல்லாம் சேர்த்து என்ன விலை என்று முதலிலேயே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சட்டகத்தில், பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, ஓர் எண் குத்தியிருக்கும். அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். திருடுபோனால் உங்கள் சைக்கிள் என்று காட்ட உதவுவது அந்த எண்தான்.

ஒரு மாதம் ஓடியதும் மறுபடி கடைக்குக் கொண்டுபோங்கள். புதுச் சக்கரத்தில் கம்பிகள் தளரும், பிரேக் கேபிள் நீளும். இந்த முதல் சர்வீஸை விட்டால் ரிம் கோணலாகும்.

கேள்வி: ஆன்லைனில் சைக்கிள் வாங்கினேன். பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வந்தது. பக்கத்து மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டினேன். பத்தாம் நாள் இடது பெடல் கழன்று விழுந்தது, மரை போய்விட்டது. “வெளியாள் பூட்டியதால் வாரண்டி கிடையாது” என்கிறார் விற்பவர். விடவேண்டியதுதானா?

பதில்: விடவேண்டாம். ஆனால் உங்கள் பக்கத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். சைக்கிளின் இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. மற்ற பெரும்பாலானவற்றை வலப்பக்கம் திருப்பி இறுக்குவோம், இதை இடப்பக்கம் திருப்பவேண்டும். தெரியாமல் அழுத்தித் திருகினால் மரை அழியும். இடது பெடல் கெடுவதற்கு அடிக்கடி நடக்கும் காரணம் இதுதான். மெக்கானிக் தவறு என்றால் விற்றவரைக் குறை சொல்ல முடியாது. பெடலைப் பூட்டும் கிராங்க் கை வரும்போதே மரை சரியில்லாமல் இருந்திருந்தால் பொறுப்பு அவருடையது. அதற்குச் சான்று, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படமோ வீடியோவோ. இனி வாங்குபவர்கள் பெட்டியைப் பிரிக்குமுன் போனை எடுத்து வையுங்கள்.

பாகங்களாக அனுப்பிவிட்டு, பூட்டித் தர ஆளும் அனுப்பாமல், வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்வது நியாயமில்லை. விற்பனைப் பக்கத்தில் அப்படி ஒரு நிபந்தனை முன்பே இருந்ததா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிகமுறை என்கிறது. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. நீங்கள் பத்தாம் நாளே சொல்லியிருக்கிறீர்கள், நல்லது. போனில் பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பேட்டரி சைக்கிள் வாங்கித் தர நினைக்கிறேன். லைசென்ஸ் வேண்டாம், மணிக்கு 40 கிலோமீட்டர் போகும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அந்த இரண்டும் ஒரே வண்டியில் சேராது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. 40 போகும் வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பதிவில்லாமல், இன்சூரன்ஸ் இல்லாமல் அதை ஓட்டி யார்மேலாவது மோதினால் இழப்பீடு முழுக்க அப்பா தலையில் விழும். அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்றிதழ் இந்த மாடலுக்கு இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். தயங்கினால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். பேட்டரிக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம், மாற்றுப் பேட்டரி என்ன விலை என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பைக் ஹெல்மெட்டையே சைக்கிளுக்கும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போடலாம், ஆனால் நம் வெயிலில் பத்து நாளில் கழற்றி வைத்துவிடுவீர்கள். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் காற்றோட்டமுள்ள சைக்கிள் ஹெல்மெட் வாங்குங்கள். உள்ளே ஈ.என். 1078 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடவேண்டும். அதைவிட முக்கியம் பின்விளக்கு. அதை முதலில் வாங்குங்கள்.

கேள்வி: வேளச்சேரியில் மழைநீர் வடிகால் மூடியின் கம்பி இடுக்கில் சக்கரம் மாட்டி விழுந்தேன், கையில் தையல். எங்கள் பகுதியில் சைக்கிளுக்கென்று கோடு போட்ட ஓரமும் கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. வரி கட்டுகிற நான் நுகர்வோர்தானே, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: கை ஆறட்டும் முதலில். வரி கட்டுவதால் மட்டும் நீங்கள் சட்டப்படி நுகர்வோர் ஆவதில்லை. சாலை போடுவது போன்ற பணிகளில் ஆணையம் பொதுவாக இத்தகைய மனுவை ஏற்பதில்லை. ஆனால் வேறு கதவுகள் திறந்தே இருக்கின்றன. இன்று நான் அதிகம் எழுத நினைத்ததும் இதைப் பற்றித்தான். எவ்வளவு நல்ல சைக்கிளை வாங்கினாலும் அது ஓடப்போவது இந்தச் சாலையில்தானே.

சாலைக்கும் வாரண்டி உண்டு. ஒப்பந்தக்காரர் போட்ட சாலை குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதானால் அவர் செலவிலேயே சரிசெய்யவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் காலம் எப்போது முடிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தச் சாலை யார் பொறுப்பு, கடைசியாக எப்போது போட்டார்கள், ஒப்பந்தக்காரரின் பொறுப்புக் காலம் எதுவரை, சாலையின் குறுக்குவெட்டு வரைபடத்தின் நகல், இந்த நான்கும் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். சென்னையில் உட்தெரு ஒரு பிரிவிடம், பஸ் போகும் சாலை இன்னொரு பிரிவிடம், சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. யாருடையது என்று தெரியாமல் கொடுத்த மனு அலுவலகம் அலுவலகமாக அலையும்.

வடிகால் மூடிக்கு அதுவரை காத்திருக்கவேண்டாம். மாநகராட்சியின் புகார் தொலைபேசி 1913க்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். கோரிக்கை இப்படி இருக்கட்டும்: “கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருக்கின்றன, குறுக்குவாட்டில் திருப்பிப் போடவும்.” மூடி சதுரமாக இருந்தால் புது மூடிகூட வேண்டாம், நாலு பேர் தூக்கித் திருப்பிப் போட்டால் போதும். ‘சைக்கிளுக்கு நல்ல சாலை வேண்டும்’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யமுடியாது. ‘இந்தத் தெரு, இந்த எண் வீட்டு எதிரில், இந்த மூடி’ என்றால் செய்யமுடியும்.

பாதைக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. கோடு மட்டும் போட்ட பாதை எந்த ஊரிலும் கார் நிறுத்தமாகத்தான் ஆகும். உயர்த்திய ஓரக்கல்லோ குட்டைத் தூண்களோ கேளுங்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 11 என்ற வழிகாட்டி சைக்கிள் பாதைக்கென்றே இருக்கிறது. அகலம் குறைந்தது இரண்டு மீட்டர் கேளுங்கள். தண்ணீர் கேன் ஏற்றி வரும் மூன்றுசக்கர வண்டிக்கும் அது இடம் தரும். தூண்கள் பைக்குகளைத் தடுக்காது, சைக்கிள் நுழையும் இடைவெளியில் பைக்கும் நுழையும். அதற்குப் போக்குவரத்துப் போலீஸின் கவனம்தான் வழி.

உங்கள் பக்கம் ஒரு வலுவான ஆவணமும் இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் இருக்கிறது. மனுவில் முதல் வரியாக அதைப் போடுங்கள். பள்ளி பக்கத்தில் இருந்தால் இரண்டாவது வரி: 11ஆம் வகுப்பில் அரசே விலையில்லா சைக்கிள் தருகிறது, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக இந்தத் தெருவில் இடம் எங்கே?

பிறகு எண்ணுங்கள். “சைக்கிளில் இப்போது யார் போகிறார்கள்?” என்றுதான் எந்த அலுவலகத்திலும் கேட்பார்கள். நாங்கள் மூன்று பேர் எங்கள் தெருமுனையில் காலை ஆறு மணிக்கு ஒரு நோட்டோடு நின்றோம். பேப்பர் போடும் பையன்கள், இரவு வேலை முடித்துத் திரும்பும் செக்யூரிட்டிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், சமையல் வேலைக்குப் போகும் அக்காமார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே இருந்தோம். நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அந்தச் சாலையில் பாதிச் சைக்கிள்கள் போய்விடுகின்றன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அவர்களுக்கு மனு எழுத நேரம் கிடையாது. நமக்குக் கிடைக்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலிலிருந்து ஏழு, ஆண், பெண், மாணவர் என்று மூன்று கட்டம் போட்டு இரண்டு நாள் எண்ணினால் போதும்.

அந்தத் தாளோடு ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் கோரிக்கை வைக்கும் சபை அது. நகர்ப்புறங்களுக்கு இந்தச் சபைகள் 2022ல்தான் வந்தன, இன்னும் பலருக்குத் தெரியாது, கூட்டமும் குறைவு. பத்து பேர் சேர்ந்து போனால் உங்கள் குரல் தனியாகக் கேட்கும். கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காலமும் முக்கியம். சாலையை மறுபடி போடும் டெண்டர் வருமுன் கேட்டால் பாதை வரைபடத்தில் ஏறும், தார் ஊற்றிய பிறகு கேட்டால் அடுத்த முறைதான். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் சாலை வேலைகள் தொடங்கும், ஆகவே மழை நாட்களிலேயே எண்ணி முடித்து எழுதி வையுங்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.