முழு பாலிஷ் போட்ட பிறகு, அடுத்த தடவை வரைக்கும் காரின் மெழுகை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி கேட்டவர் 400 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து முழு பாலிஷும் வேக்ஸும் போட்டிருக்கிறார். மூன்றே வாரத்தில் பானட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது போய்விட்டதாம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, இடையில் ஸ்ப்ரே வேக்ஸ் அடித்தால் போதுமா என்கிறார்.

கடைக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன்னால், அந்த மூன்று வாரத்தில் காரை எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் சோப்பா? சாலையோரத்தில் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு நுரை அடித்துக் கழுவும் கடையா? இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் அனுபவத்தில் மெழுகு வெயிலில் போவதைவிட நம் கையால் போவதுதான் அதிகம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 350 வெள்ளி கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம், தலைக்கு மேல் கூரை உள்ள இடத்தில் கார் நிறுத்துபவராக இருக்கலாம். நான் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் வாயில் பழைய பெயர்தான் வரும். செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பகுதியில் 16 வருஷமாக வேலை. பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும்தான் பாய்லரில் போட்டு எரிக்கிறோம். அந்தச் சாம்பல் ராத்திரியில் பறந்து வந்து காரின் மேல் படியும். விடியற்காலைப் பனியும் அதோடு சேர்ந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும், மணல் மாதிரி. அதில் சிலிக்கா அதிகம். காய்ந்த துணியால் அதைத் துடைப்பதும் உப்புத்தாளால் துடைப்பதும் ஒன்றுதான். போதாததற்குத் தோட்டத்துப் பாதையின் செம்மண் தூசி வேறு. இந்த இடத்தில் ஒரு மெழுகு இரண்டு மாதம் தாங்குகிறது என்றால் உங்கள் இடத்தில் கண்டிப்பாகத் தாங்கும்.

கார் 1998-இல் வாங்கிய புரோட்டோன் வீரா, 1.5, கரும்பச்சை. அப்பாவுடையது. இப்போது என் கையில். கூரையும் பானட்டும் இன்னும் தொழிற்சாலைப் பெயின்ட்தான், மறுபடி அடித்ததில்லை.

2019-இல் அக்கா மகள் கல்யாணத்துக்காக ரவாங்கில் ஒரு கடையில் முழு வேலைக்குக் கொடுத்தேன். பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கர்னூபா என்ற மெழுகைப் பூசி, இரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஓட்டி வரும்போது மழை பிடித்தது. பானட்டில் விழுந்த தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்தது மாதிரி உருண்டு உருண்டு ஓடியது. அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு, கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள். கார் ஷாம்பு முடிந்துவிட்டது. சமையலறையில் இருந்த பச்சை நிறப் பாத்திர சோப்பை எடுத்துக்கொண்டு போனேன். மூடியில் அளந்து வாளியில் கலக்கவில்லை, ஈரத்துணியில் நேராக ஊற்றி பானட்டின் வலது பாதியை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். இடது பக்கம் போவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. மழையே அலசிக்கொள்ளட்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்பும்போது கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். பானட்டின் நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. இடது பக்கம் பனி முழுக்கக் குண்டு குண்டாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நிற்கிறது. வலது பக்கம் அதே பனி தட்டையாக, ஓட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி பரவிக் கிடக்கிறது. விரலை வைத்தேன். இடது பக்கம் வழுக்கியது. வலது பக்கம் பிடித்துப் பிடித்து நகர்ந்தது, கீச்சென்று ஒரு சத்தம்கூட வந்தது.

சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் முத்தாக நிற்காது. அது எனக்கும் தெரியும், அதனால் வேலை முடிந்து வந்து வெறும் தண்ணீரில் இரண்டு தடவை நன்றாக அலசிப் பார்த்தேன். அப்போதும் தட்டைதான். ஒரே கழுவலில் வேக்ஸ் முழுக்கப் போகாது என்று யாராவது இங்கே சண்டைக்கு வருவார்கள். வாளியில் கலந்து லேசாகக் கழுவினால் ஒரே தடவையில் போகாதுதான், ஒத்துக்கொள்கிறேன். நான் கலக்காமல் துணியில் ஊற்றி அழுத்தித் தேய்த்ததைச் சொல்கிறேன். பாத்திர சோப்பின் வேலையே கொழுப்பை எடுப்பது. வேக்ஸும் அதற்குக் கொழுப்பு மாதிரிதான்.

ரவாங் கடைத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், போனேன். அவர் திட்டவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை பானட்டில் ஊற்றி, இரண்டு பக்கமும் எப்படி ஓடுகிறது என்று காட்டிவிட்டு, வலது பாதிக்கு மட்டும் மறுபடி வேக்ஸ் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கையோடு ஒரு விஷயம் சொன்னார், அதை மட்டும் நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் வார்னிஷ் கொஞ்சம் தேய்கிறது. அந்த வார்னிஷ் ஒரு தலைமுடி அளவுத் தடிமன்கூட இல்லை. இடைப்பட்ட காலத்தில் மெழுகைக் காப்பாற்றத் தெரியாதவன் அடிக்கடி பாலிஷுக்கு வருவான், ஒருநாள் தேய்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. காசு சம்பாதிக்கும் மனிதர், தன் வியாபாரத்துக்கு எதிராகவே இதைச் சொன்னார். இன்றைக்கும் அவரிடம்தான் போகிறேன்.

கர்னூபா என்பதும் ஒரு பனை வகைதான், பிரேசிலின் வடகிழக்கில் வளர்வது. வறட்சியில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைமேல் பூசிக்கொள்ளும் மெழுகைத்தான் நாம் காருக்குப் பூசுகிறோம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டிலேயே முதல் தடவையாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார்கள். தோட்டத்தின் பெயர் தென்னை, நட்டது செம்பனை, காருக்குப் போடுவது வேறொரு பனை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். சுத்தமான கர்னூபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் கலந்தது, அதனால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வெயிலில் உருகி வழிந்துவிட்டது என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

இப்போது நான் செய்வது. வாரம் ஒரு தடவை, வேலை அதிகமானால் பத்து நாளைக்கு ஒரு தடவை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், பானட் சூடு தணிந்த பிறகு. முதலில் குழாய்த் தண்ணீரை மேலிருந்து கீழே நிறைய விட்டு, சாம்பலையும் செம்மண்ணையும் கை படாமலே இறக்கிவிடுவேன். அது முடியாமல் துணி காரைத் தொடாது. பிறகு இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறை மாதிரி இருக்கும் மைக்ரோஃபைபரை ஷாம்புவில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணீரில் பிழிந்து அழுக்கை இறக்கி, மறுபடி ஷாம்பு. கூரையில் தொடங்கி, கதவின் கீழ்ப்பகுதி கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி. வெறும் தண்ணீர் வாளியின் அடியில் கடைசியில் படிந்திருக்கும் செம்மண்ணைப் பார்த்தால், அத்தனையும் பெயின்ட்மேல் தேய்ந்திருக்கும் என்பது புரியும்.

ஸ்ப்ரே வேக்ஸ் இரண்டு கழுவலுக்கு ஒரு தடவை. கார் இன்னும் லேசான ஈரத்தோடு இருக்கும்போதே, ஒரு கதவுக்கு இரண்டு அமுக்கு, அதற்குமேல் வேண்டாம். மைக்ரோஃபைபர் துண்டை நான்காக மடித்துப் பரப்பி, உடனே இன்னொரு காய்ந்த பக்கத்தால் துடைக்க வேண்டும். அதிகம் அடித்தால் அதிகப் பாதுகாப்பு என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். மேகம் மாதிரி திட்டுத் திட்டாகப் படிந்து, அதன்மேல் தூசிதான் ஒட்டியது. அழுக்குக் காரின்மேல் ஸ்ப்ரே அடித்துத் துடைப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல். அந்தத் துண்டுகளைத் துவைக்கும்போது வாசனைக்காகப் போடும் துணி மென்மையாக்கி வேண்டாம். அது நூலில் படிந்து, துண்டு தண்ணீரைக் குடிக்காமல் போய்விடும்.

கோழி இறகுத் துடைப்பத்தைத் தயவுசெய்து காரிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்பா 15 வருஷம் அதை வைத்துத்தான் தினமும் சாம்பலைத் தட்டினார். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். ரவாங் தவுக்கே பாலிஷ் போட்டும் பாதிதான் போனது.

பறவை எச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே எலியைப் பிடிப்பதற்காகச் செம்பனைக்கு நடுவில் ஆந்தைகளுக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, விஷம் வைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆந்தை எச்சம் ஒரு கைப்பிடி அளவு விழும், சுண்ணாம்பு மாதிரி. காலையில் பார்த்துவிட்டு மாலையில் துடைக்கலாம் என்று விட்டால், பகல் வெயிலில் பெயின்ட் விரியும், எச்சம் காய்ந்து இறுகும், பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அதன் தடத்தைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு அதற்குக் கொஞ்ச நேரம்தான் அவகாசம் கொடுக்கும். காரில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய மைக்ரோஃபைபரும் வைத்திருக்கிறேன். துணியை நனைத்து எச்சத்தின்மேல் இரண்டு மூன்று நிமிடம் போட்டு, ஊறிய பிறகு தேய்க்காமல் வழித்து எடுக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் ஸ்ப்ரே வேக்ஸ் ஒரு அமுக்கு.

நிழலில் நிறுத்துங்கள், கூரைக்குக் கீழே நிறுத்துங்கள் என்று இதே கேள்விக்கு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சரிதான். நான் பிறந்து வளர்ந்த, தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டில் கார் நிறுத்தக் கூரை எங்கே இருந்தது? வீட்டுக்கு முன்னால் கால்வாய், அதற்கு அப்பால் மண்பாதை, அங்கேதான் நிறுத்த வேண்டும். அந்த வீடும் எங்களுடையது இல்லை. அப்பா ரப்பர் பால் வெட்டிலிருந்து தொடங்கி, ஆட்களை மேய்க்கும் மண்டோராகி 37 வருஷம் ஒரே தோட்டத்தில் இருந்தார். வேலை ஓய்வு வந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மாற்று வீடு தருகிறோம் என்று அதற்கு முன்னால் எத்தனை கூட்டத்தில் பேசினார்கள், எத்தனை தேர்தலுக்கு வந்து பேசினார்கள்! அதை நம்பித்தான் அவர் வெளியே நிலம் வாங்காமல் இருந்தார். சட்டிபானையோடு வாடகை வீட்டுக்குப் போன அன்றைக்கு, அவர் பெயரில் பதிவான ஒரே சொத்து அந்த வீராதான். கிராண்டை, அதாவது காரின் பதிவுப் பத்திரத்தை, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, எங்கள் பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருந்தார். பழைய காருக்கு எதற்கு இத்தனை செலவு, அந்தக் காசைச் சேர்த்தால் புது மைவி காருக்கு முன்பணம் ஆகுமே என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

கேட்டதற்கு வருகிறேன். மெழுகுக்குப் பதிலாகச் செராமிக் கோட்டிங் என்ற கெட்டியான பூச்சைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். வசதி இருந்தால் போடுங்கள், நான் எதிரி இல்லை. அதையும் இப்படித்தான் கழுவ வேண்டும். கோட்டிங் போட்டுவிட்டுத் துடைப்பத்தால் தட்டும் ஆட்களை எங்கள் ஆலைக் கார் நிறுத்துமிடத்திலேயே தினமும் பார்க்கிறேன்.

ஸ்ப்ரே வேக்ஸ் போதுமா? இடைப்பட்ட காலத்துக்குப் போதும். நான் கர்னூபாவைக் கையால் போடுவது இரண்டரை மாதத்துக்கு ஒரு தடவை, பாலிஷ் இல்லாமல் வேக்ஸ் மட்டும். நவம்பர், டிசம்பர் மழையில் இரண்டு மாதத்திலேயே தேவைப்படும். பாலிஷோடு முழு வேலை வருஷத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. 2019-க்குப் பிறகு இரண்டே தடவைதான் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் காரை இந்த வாரம் கார் ஷாம்புவில் கழுவி, நன்றாக அலசி, பானட்டில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்து திரும்பினால் மேலே படிந்திருந்தது அழுக்குதான், மெழுகு இருக்கிறது, ஸ்ப்ரே போதும். அப்போதும் தட்டையாகப் பரவினால் மெழுகு போய்விட்டது. வேக்ஸ் மட்டும் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் கேளுங்கள். மறுபடி பாலிஷ் வேண்டாம்.