கல் உடையாமல் எப்படி மடியும்?

மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் சுண்ணாம்புக் குன்றை வெட்டிய இடத்தில் கோடுகள் பாயைச் சுருட்டியது போல் வளைந்திருக்கின்றன, கல் ஏன் நொறுங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தோட்டத்தில் வளர்ந்த காலத்திலிருந்தே இருந்த கேள்விதான் இது.

ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துச் சட்டென்று வளையுங்கள், முறியும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து மெதுவாக வளையுங்கள், மடியும். பாறையும் அப்படித்தான். ஆழத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், நிலத்தட்டுகள் தள்ளும் வேகமோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். அங்கே கல் மடிகிறது. மேலே, குளிர்ந்த இடத்தில், உடைந்து நகர்கிறது, அதுதான் பிளவுப்பெயர்ச்சி. சுண்ணாம்புக்கல் கருங்கல்லைவிடச் சீக்கிரமே இளகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தின் புவியியலாளர் ஜேம்ஸ் ஹால் துணிகளை அடுக்கி, மேலே பாரம் வைத்து, பக்கவாட்டில் நெருக்கி இதே மடிப்புகளை உண்டாக்கினார். 1815இல் அதை வெளியிட்டார். எவ்வளவு எளிய சோதனை! வீட்டில் போர்வையை வைத்தே பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம்.

தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பான நம் தித்திவாங்சா மலைத்தொடரும் இரண்டு நிலத்துண்டுகள் மோதியதில் பிறந்ததுதான். அதன் கருங்கல் சுமார் 20 கோடி ஆண்டுகள் பழையது. அப்புறம், பழைய பிளவுகள் செத்துவிட்டன என்று நினைக்காதீர்கள்: 2007 நவம்பரில் பகாங்கின் புக்கிட் திங்கியில் நிலம் லேசாக அதிர்ந்தது.