கிராகோவின் வாசலில் ஓர் உப்பு மாவட்டம்

கேள்வி: போலந்தின் ‘போவியாத்’ என்பது மாவட்டம்தானா? கிராகோவ் நகரை ஒட்டியுள்ள வியெலிச்கா போவியாத்தைக் கொண்டு விளக்குவீர்களா?

பதில்: மாவட்டம் என்று மொழிபெயர்ப்பதே வழக்கம்; ஆயினும் வியெலிச்காவின் பரப்பு ஏறத்தாழ 428 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், வட்டம் (தாலுகா) என்று நினைத்துக்கொள்வதே பொருத்தம். மாகாணத்துக்கும் ‘க்மினா’ எனும் அடிமட்ட உள்ளாட்சிக்கும் இடைப்பட்ட இந்த அடுக்கு 1975இல் கலைக்கப்பட்டு, 1999 ஜனவரி 1 அன்று மீண்டும் உயிர்பெற்றது. இதன் தலைவரான ஸ்டாரோஸ்டா, மேலிடம் நியமிக்கும் ஆட்சியர் அல்லர். மக்கள் வாக்களித்து அமைக்கும் மன்றமே அவரைத் தேர்ந்தெடுக்கிறது. மேல்நிலைப் பள்ளி, கட்டட அனுமதி, வாகனப் பதிவு ஆகியவை அவரது அலுவலகத்தின் பொறுப்பு. தொடக்கப் பள்ளியும் குடிநீரும் க்மினாவைச் சேர்ந்தவை.

கிராகோவ் மாநகரம் தனக்கென போவியாத் உரிமை பெற்றிருப்பதால், அது இதன் எல்லைக்குள் வராது. (அருகிலுள்ள கிராகோவ் போவியாத்தின் தலைமை அலுவலகமோ, தன் எல்லைக்குள் இல்லாத அந்த மாநகரத்திலேயே இயங்குகிறது என்பது வேடிக்கை!)

வியெலிச்காவுக்குப் பெயர் வாங்கித் தந்தது உப்பு. 13ஆம் நூற்றாண்டு முதல் இங்கே பாறை உப்பு வெட்டப்பட்டது; 14ஆம் நூற்றாண்டில் அரசுக் கருவூலத்தின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு வரை உப்பிலிருந்தே கிடைத்ததாகச் சொல்வார்கள். 1978இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இச்சுரங்கத்தில் வணிக உற்பத்தி 1996இல் நின்றது. நிலத்துக்கு அடியில் 101 மீட்டர் ஆழத்திலுள்ள புனித கிங்கா தேவாலயத்தைச் சுரங்கத் தொழிலாளர்களே 1896 முதல் பல பத்தாண்டுகள் செதுக்கினார்கள். பளிங்கு ஓடு பதித்ததுபோல் தோன்றும் அதன் தரை, உப்புப் பாறையில் கோடு கீறி உருவாக்கியதே. சரவிளக்குகளில் தொங்குபவையும் உப்புப் படிகங்களே.

இங்குள்ள மற்றொரு நகரமான நியெபொவோமித்சேயில், மன்னர் மூன்றாம் காசிமிர் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையும், அரசர்கள் வேட்டையாடிய காடும் உள்ளன, எம்.ஏ.என் லாரித் தொழிற்சாலை 2007இல் அங்கே வந்தது.

ஆயினும், என் கணிப்பில், இன்றைய வியெலிச்காவை நடத்துவது உப்பும் லாரியும் மட்டுமல்ல. காலையில் கிராகோவுக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்களும்தான். அவர்கள் வந்திறங்கும் கடைசி ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் ‘வியெலிச்கா ரினெக்–கோபால்னியா’ என்றிருக்கும். ‘சந்தைச் சதுக்கம்–சுரங்கம்’ என்று பொருள்.