மூன்று அறை ஹோம்ஸ்டேயில் சுழற்சிப் பொருளாதாரம் சாத்தியமா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் மூன்று அறையோடு ஹோம்ஸ்டே தொடங்கப் போகிறேன். பயிற்சி வகுப்பொன்றில் சுழற்சிப் பொருளாதாரம் பற்றி, அதாவது எதையும் குப்பையாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றி, நிறையச் சொன்னார்கள். இதெல்லாம் பெரிய ஹோட்டல்களுக்கு மட்டும்தானா? சின்ன இடத்தில் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

ஹப்புத்தளையில் ஐந்து அறை வைத்து நடத்துகிறேன். சின்ன இடத்திலும் முடியும். ஆனால் வகுப்பில் காட்டுகிற அந்த வட்டப் படத்தை உங்கள் வேலிக்குள்ளேயே வரைந்து முடிக்கப் பார்க்காதீர்கள். நான் அப்படிப் பார்த்துத்தான் முதல் வருடம் நாறிப்போனேன், நிஜமாகவே நாறியது.

குசினிக் கழிவு முழுவதையும் பின்னால் குழி வெட்டிப் போட்டேன். கொம்போஸ்ட் ஆகிவிடும் என்று நினைப்பு. நம் ஊர் குளிருக்கு எதுவும் சீக்கிரம் மக்காது, ஒக்டோபர் மழை இறங்கியதும் குழி முழுக்கத் தண்ணீர், ராத்திரியில் காட்டுப்பன்றி வேறு. சோற்றுக்கும் மரக்கறித் தோலுக்கும் ஈரம் அதிகம், கூடவே அதைவிட நிறையக் காய்ந்த சருகு போட வேண்டும், மேலே கூரையும் வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கழிவைப் புளிக்க வைத்து அடுப்புக்கு வாயு எடுக்கிற உயிர்வாயுத் தொட்டி கட்டச் சொல்லியும் சிலர் வந்தார்கள். அதைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு 35 பாகை அளவு சூடு பிடிக்கும், 15க்குக் கீழே போனால் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகைதான். கீழ்நாட்டில் நன்றாக ஓடுகிற தொட்டியை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு வாயு வரவில்லை என்று அழக்கூடாது.

கடைசியில் வழி சொன்னது கீழ் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா. அவருக்கு இரண்டு மாடு. மூடி போட்ட பெயின்ட் வாளியொன்றைக் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனார், காலையில் நாங்கள் நிறைத்து வைப்போம், எடுத்துக்கொண்டு போவார். இரண்டாம் நாளே வாளி பாதியோடு திரும்பி வந்தது. "தம்பி, தேசிக்காத் தோலும் பச்ச மிளகாயும் போட்டா மாடு மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார். அன்றிலிருந்து எங்கள் சமையல்காரர் இரண்டு வாளியாகப் பிரிக்கிறார். இலவசமாகக் கொடுக்கிறேனே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு இருந்தது. பாரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது அவர்தான் என்பது உறைக்கக் கொஞ்ச நாள் ஆனது. இப்போது பாலும் சாணி எருவும் அவரிடமே காசு கொடுத்து வாங்குகிறோம். எரு எங்கள் லீக்ஸ், போஞ்சிப் பாத்திக்கு. அவருக்கு வரும்படி இல்லாவிட்டால் இந்தச் சுற்று மூன்றாம் மாதமே அறுந்திருக்கும்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதொன்றும் புதுசு இல்லை. அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு, சாணி பாத்திக்கு, மா சாக்கு தலையணை உறைக்கு. ஆனால் அது இல்லாமையில் செய்தது, அதை ஏதோ மலையக ஞானம் மாதிரி வெள்ளைக்கார விருந்தாளிக்குக் கதை சொல்லி விற்பது எனக்குப் பிடிக்காது.

சரி, தொடங்குவது எங்கே? வாசலில். குப்பையைப் பிரிப்பதெல்லாம் பிற்பாடு, உள்ளே என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள். சின்ன ஷாம்பு பாக்கெட் இனி வாங்கவும் முடியாது, உணவும் மருந்தும் தவிர 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சாஷேக்களை இலங்கையில் 2021 மார்ச்சில் தடை செய்துவிட்டார்கள். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டியும் போனது. குளியலறைச் சுவரில் நிரப்பிக்கொள்ளும் போத்தல் பொருத்தினால் போதும்.

பெரிய தலைவலி தண்ணீர்ப் போத்தல். வடிகட்டி வாங்கி, கொதிக்க வைத்து, கண்ணாடிப் போத்தலில் ஊற்றி அறையில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை, கடையில் வாங்கிய போத்தலோடுதான் வந்தார்கள். யார் எங்கே நிரப்பினது என்று தெரியாத தண்ணீரை நானே குடிக்க மாட்டேன், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிறகு வடிகட்டியைக் குசினியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்தோம், அவர்கள் கண்முன்னால் நாங்களும் அதிலேயே பிடித்துக் குடித்தோம். இப்போது லிப்டன் சீட் மலைமுனைக்குக் காட்சி பார்க்க ஏறப் போகிறவர்கள் விடியற்காலையில் வந்து தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள்.

துணியில் ஒரு விஷயம். விரிப்பு எல்லாவற்றையும் ஒரே வெள்ளையில், ஒரே அளவில் வாங்குங்கள். நடுவில் நைந்தால் ஓரம் தலையணை உறையாகும், உறை கிழிந்தால் துடைக்கிற துணி. பூப்போட்டது ஒன்று, கோடு போட்டது ஒன்று என்று வாங்கினால் ஒன்று கிழிந்ததும் ஜோடியே வீண்.

சுடுதண்ணிக்கு 2022 காஸ் தட்டுப்பாட்டு வரிசையில் நின்ற பிறகு விறகுக்கு மாறினேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய (கத்தரித்த) மலையிலிருந்து மிலாறு, அதாவது வெட்டிப் போட்ட குச்சி, மலிவாகக் கிடைக்கும், அதைப் 'பசுமை' என்று பலகையில் எழுதவும் பலருக்கு ஆசை. ஆனால் வெட்டிய கொப்பும் இலையும் அந்த மலையிலேயே கிடந்து மக்கினால்தான் தேயிலை மண்ணுக்கு நல்லது. நாம் சுரண்டி எடுத்து வந்தால் அங்கே உள்ள சுற்றில் ஓட்டை விழும். நான் தடித்த குச்சியை மட்டும் வாங்குகிறேன், அதுவும் மனசு முழுக்க ஒப்பி இல்லை.

இன்னும் கட்டடம் கட்டவில்லை என்றால் தயவுசெய்து பழைய வீடு ஏதாவது கிடைக்குமா என்று பாருங்கள். கந்தப்பொளையில் மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையையே ஹோட்டலாக்கினார்கள், பொகவந்தலாவைப் பக்கம் பழைய தோட்டத் துரைமார் பங்களாக்களில் ஆட்கள் தங்குகிறார்கள். ஏற்கனவே நிற்கிற சுவருக்குப் புதிதாகச் சீமெந்து வேண்டாம், மலையையும் வெட்ட வேண்டாம். உங்கள் பட்ஜெட்டுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு.

எனக்கு இன்றுவரை பிடிபடாதது பிஸ்கட், பால்மா உறைகள். உள்ளே வெள்ளி மாதிரி மினுங்குமே, அந்த ரகம். போத்தல், பேப்பர் எடுக்க வருகிறவர் அதைக் கையாலும் தொட மாட்டார், எரிக்கவும் எனக்கு மனசில்லை. பின் கொட்டிலில் மூன்று உரச்சாக்கு நிறையக் கட்டி வைத்திருக்கிறேன். உங்களுக்கு வழி கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.