கிரேக்கப் போர்ப் படங்கள்: எது நிஜம், எது புருடா?

பழைய கிரேக்கப் போர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே படித்துத் தொலைத்தவன் நான். படங்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவை இவை.

அண்ணா, '300' படத்தில் வருகிற மாதிரி வெறும் உடம்பும் தோல் ஜட்டியுமாகவா ஸ்பார்ட்டாக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள்?

எதிரே ஆயிரக்கணக்கில் வில்லாளிகள் நிற்கும்போது யாராவது அப்படிப் போவார்களா! படம் காட்டுவது, ஸ்பார்ட்டா உள்ளிட்ட கிரேக்க ஊர்கள் பாரசீகப் படையை தெர்மோபைலே என்ற குறுகலான கணவாயில் எதிர்த்த போர், நடந்தது கி.மு. 480இல். அன்றைய காலாட்படை வீரனுக்கு வெண்கலத் தலைக்கவசம், வெண்கலத்திலோ தடித்த துணியிலோ செய்த மார்புக் கவசம், முழங்காலுக்குக் கீழே வெண்கலத் தகடு எல்லாம் உண்டு. கிரேக்கர்கள் பானைகளிலும் சிற்பங்களிலும் வீரர்களை அம்மணமாகக் காட்டியது உண்மைதான், ஆனால் அது கலை மரபு. ஃபிராங்க் மில்லர் தன் சித்திரக்கதையில் அப்படி வரைந்தார், படம் அதை அப்படியே பின்பற்றியது. சிவப்பு மேலங்கியும் நீள முடியும் சரி. போருக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்ததை பாரசீக ஒற்றன் ஒருவன் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னதாக பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

தூதரைக் கிணற்றில் எட்டி உதைப்பது?

கிணறு நிஜம், உதை சினிமா. படையெடுத்து வந்த பாரசீக மன்னர் செர்க்சஸின் அப்பா டேரியஸ், அடிபணிவதற்கு அடையாளமாக மண்ணும் தண்ணீரும் கேட்டு அனுப்பிய தூதர்களை, 'அதை அங்கேயே எடுத்துக்கொள்' என்று ஸ்பார்ட்டாவில் கிணற்றில் தள்ளினார்கள். ஏதென்ஸில் குழியில் தள்ளினார்கள். அதை மனதில் வைத்துத்தான் செர்க்சஸ் இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் தூது அனுப்பவே இல்லை. ஆக, படத்தில் வருகிற ஆள் வந்திருக்கவே மாட்டார். அப்புறம், தூதரைக் கொன்ற பாவத்துக்குப் பரிகாரமாக ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்று இரண்டு ஸ்பார்ட்டாக்காரர்கள் தாங்களாக முன்வந்து 'எங்களைக் கொன்றுகொள்ளுங்கள்' என்று பாரசீகத்துக்கே போனார்கள், செர்க்சஸ் கொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார். இதைப் படமாக எடுத்தால் நான் முதல் நாளே போவேன்.

நிஜமாகவே 300 பேர்தானா? எதிரே பத்து லட்சமா?

ஸ்பார்ட்டா வீரர்கள் 300, கூட மற்ற ஊர்க்காரர்களையும் சேர்த்தால் கிரேக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர். கடைசி நாளிலும் ஸ்பார்ட்டாக்காரர்கள் தனியாக நிற்கவில்லை, தெஸ்பியா என்ற சின்ன ஊரிலிருந்து வந்த 700 பேர் போக மறுத்து அவர்களோடு நின்று செத்தார்கள். தீப்ஸ்காரர்கள் 400 பேரும் அங்கே இருந்தார்கள். படத்தில் தெஸ்பியாவின் பெயர்கூட வராது. எதிர்ப்பக்கம் சண்டை போடுகிறவர்கள் மட்டும் 26 லட்சத்துக்கு மேல் என்று ஹெரோடோட்டஸ் கணக்குப் போடுகிறார், அவ்வளவு பேருக்குச் சோறும் தண்ணீரும் எங்கே கிடைக்கும்? இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் சொல்கிறார்கள். அதுவே பெரிய படைதான்.

சண்டை போடும் விதமாவது சரியா சார்? அந்த ஸ்லோமோஷன் காட்சி...

இதற்குத்தான் காத்திருந்தேன். கிரேக்கக் கேடயம் கிட்டத்தட்ட 90 செ.மீ. அகலம், மரத்தில் செய்து வெண்கலம் போர்த்தியது, ஏழு கிலோ அளவு கனம். முழங்கையை நடுவில் இருக்கும் பட்டைக்குள் நுழைத்து, விளிம்பில் இருக்கும் பிடியைக் கையால் பிடிக்க வேண்டும். அதனால் கேடயத்தின் இடது பாதி உங்கள் உடம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும், அது உங்கள் இடப்பக்கத்து ஆளுக்கு. உங்கள் வலப்பக்கத்தை மறைப்பது வலப்பக்கத்து ஆளின் கேடயம். ஒவ்வொருவனும் பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒதுங்கப் பார்ப்பதால் படை மொத்தமும் நடக்க நடக்க வலப்பக்கமாகச் சரியும் என்று இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார், கி.மு. 418 மாண்டினியா போரைச் சொல்லும்போது. பயம்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் '300' படத்தில் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸ் இதை, படையில் சேர வருகிற கூன் விழுந்த எஃபியால்டஸுக்கு அழகாக விளக்குகிறார், கேடயத்தைத் தூக்க முடியாதவனுக்கு வரிசையில் இடமில்லை என்று. சரி, இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அப்புறம் அவரே வரிசையை விட்டுத் தனியாக ஓடி, ஈட்டியை எறிந்து, வாளை உருவி, சுற்றிச் சுழன்று வெட்டுகிறார்! ஈட்டிதான் பிரதான ஆயுதம், வாள் ஈட்டி உடைந்த பிறகுதான்.

இப்படி வரிசையை விட்டுத் தனியாக முன்னால் ஓடியவனை ஸ்பார்ட்டாவில் என்ன செய்தார்கள் தெரியுமா? அரிஸ்டோடெமஸ் என்று ஒருவன், கண் நோயால் தெர்மோபைலேயில் சண்டை போடாமல் உயிரோடு ஊர் திரும்பினான். ஊரில் ஒருவரும் அவனுக்கு அடுப்பு மூட்ட நெருப்புகூடக் கொடுக்கவில்லை, பேசவும் இல்லை. அடுத்த ஆண்டு பாரசீகர்களோடு நடந்த பிளாட்டியா போரில் வரிசையை விட்டு முன்னால் பாய்ந்து வெறிகொண்டு சண்டையிட்டுச் செத்தான். அன்று எல்லோரையும் விட நன்றாகப் போரிட்டவன் அவன்தான் என்பது ஹெரோடோட்டஸின் கருத்து, ஆனால் ஸ்பார்ட்டா அவனுக்கு மரியாதை செய்யவில்லை. சாக ஆசைப்பட்டு இடத்தை விட்டு ஓடினான் என்பதுதான் குற்றம். படத்தில் நாம் கைதட்டுகிற அத்தனை ஸ்டண்டும் இந்தக் கணக்கில் வரும்.

காண்டாமிருகம், யானை எல்லாம் வருகிறதே?

இரண்டும் கிடையாது. ஒட்டகப் படை இருந்தது. இந்தியர்களும் இருந்தார்கள், பருத்தி உடுத்தி, மூங்கில் வில்லும் இரும்பு முனை வைத்த அம்பும் வைத்திருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. கிரேக்கப் படை போர்க்களத்தில் யானையோடு மோதியது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, அலெக்சாந்தர் காலத்தில், போரஸ் மன்னரிடம்.

'டிராய்' படம்?

கதைப்படி கி.மு. 1200 வாக்கில் பத்து வருஷம் நடந்த போர், படத்தில் சில வாரங்களில் முடிந்துவிடும். ஹோமரின் காவியத்தில் மனைவி ஹெலனோடு ஊர் திரும்பி நிம்மதியாக இருக்கிற மெனெலாஸை இங்கே டிராய் இளவரசர் ஹெக்டர் கொன்றுவிடுகிறார். செத்தவர் கண்ணில் நாணயம் வைக்கிறார்கள், நாணயம் வர இன்னும் ஐந்நூறு ஆண்டுகளாவது ஆகும். தென் அமெரிக்க லாமா ஒன்றும் தெருவில் போகும், தேடிப் பாருங்கள்.

எந்தப் படமாவது உருப்படியா இருக்கா?

ஆலிவர் ஸ்டோன் எடுத்த 'அலெக்சாண்டர்' (2004) படத்தில், அலெக்சாந்தர் பாரசீகர்களோடு மோதும் கௌகமேலா போர்க் காட்சி. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான ஈட்டிகள், புழுதி, எதிரியை வலப்பக்கமாக இழுத்துப் போய் அவர்கள் வரிசையில் இடைவெளி விழுந்ததும் குதிரைப்படை அன்றைய பாரசீக மன்னர் மூன்றாம் டேரியஸை நோக்கிப் பாய்வது, எல்லாம் ஓரளவு சரி. ஆலோசகராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ராபின் லேன் ஃபாக்ஸ், குதிரைப்படைப் பாய்ச்சலில் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் கிளீட்டஸ் என்ற தளபதி அலெக்சாந்தரைக் காப்பாற்றியது மூன்று ஆண்டுக்கு முந்தைய கிரானிகஸ் போரில், அதைப் படம் இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. இந்தியப் போரில் அலெக்சாந்தருக்கு ஏற்படும் காயமும் உண்மையில் மல்லர்கள் என்ற இந்தியக் குலத்தாரின் கோட்டையில் பட்டது.

படம்தானே பாஸ், ஏன் இவ்வளவு நோண்டறீங்க?

ஜட்டிக்கும் காண்டாமிருகத்துக்கும் நான் சண்டை போடவே மாட்டேன். கதையைச் சொல்கிறவன் ஒரு ஸ்பார்ட்டா வீரன், அவன் அளந்து விடுவான், படமே அப்படித்தான் அமைத்திருக்கிறது. உறுத்துவது வேறு. சுதந்திரம் சுதந்திரம் என்று கத்துகிற ஊரில், வயலில் உழைத்த ஹெலட் அடிமைகள் ஒருவர்கூடக் கண்ணில் படுவதில்லை. பிளாட்டியாவுக்கு ஸ்பார்ட்டாவின் 5,000 வீரர்களோடு 35,000 ஹெலட்டுகள் போனார்கள், ஆளுக்கு ஏழு பேர்.

அந்த தெர்மோபைலே கணவாய் இன்னும் இருக்கிறதா?

இடம் இருக்கிறது, குறுகலான பாதை இல்லை. ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, இப்போது அந்த இடத்தை ஏழாயிரம் பேரை வைத்துக்கொண்டு அடைக்கவே முடியாது. லியோனிடாஸுக்கு 1955இல் சிலை வைத்தார்கள். தெஸ்பியாவின் 700 பேருக்கு நினைவுச் சின்னம் வர 1997 ஆனது.