எட்டு வயது நிஞ்ஜாவை மாற்றலாமா?

கேள்வி: 2018-ல் வாங்கிய கவாஸாகி நிஞ்ஜா 1000 வைத்திருக்கிறேன். 19,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நானும் மனைவியும் மாதம் ஒருமுறை கோத்தகிரி, வால்பாறை என்று போய்வருவோம். கொஞ்ச நாளாக வளைவுகளில் வண்டி சாயத் தயங்குகிறது. மேடுபள்ளத்தில் முன்பக்கம் தடதடக்கிறது. டயர் 2020-ல் மாற்றியது, இன்னும் தேயவில்லை. புதிதாக வந்திருக்கும் நிஞ்ஜா 1100 எஸ்எக்ஸ் பார்த்தேன். பழைய வண்டிக்கு 5 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் டயரை மாற்றுங்கள்.

டயர் தேயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை தருகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2620 என்றால் 2020-ஆம் ஆண்டின் 26-வது வாரத்தில் செய்த டயர். இத்தனை ஆண்டில் ரப்பர் இறுகியிருக்கும். டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் சாலைப் பிடிப்பு குறைந்துவிடும். மலை வளைவில் ஈரச் சாலை என்றால் சொல்லவே வேண்டாம். பின்னால் மனைவி உட்கார்ந்திருக்கும்போது இந்த டயரை நம்பி அடுத்த பயணம் போகாதீர்கள்.

அடுத்தது ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தின் அதிர்வுதாங்கிக் குழாய்கள். மட்கார்டுக்கு மேலே பளபளக்கும் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, பிரேக்கைப் பிடித்தபடி முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்துங்கள். குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால், எண்ணெயை உள்ளே அடைத்துவைக்கும் சீல் போய்விட்டது. அது வழிந்து பிரேக் பேடில் இறங்கினால் பெரிய ஆபத்து. எண்ணெய் கசியாவிட்டாலும், இதுவரை ஃபோர்க் ஆயில் மாற்றியிருக்காவிட்டால் இப்போது மாற்றிவிடுங்கள். நீங்கள் சொல்லும் தடதடப்பு பெரும்பாலும் அதனால்தான். பிரேக் ஆயிலையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள்.

இனி புதிய வண்டி. எஞ்சின் 1043 சிசியிலிருந்து 1099 ஆகியிருக்கிறது. ஆனால் சக்தி 142 பிஎஸ்ஸிலிருந்து (குதிரைத்திறன்) 136-க்கு இறங்கியிருக்கிறது. டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, 111 நியூட்டன் மீட்டரிலிருந்து 113. எஞ்சின் இழுவை குறைந்த சுற்றிலேயே கிடைக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான், அதற்காகப் பத்து லட்சம் போட வேண்டுமா என்பதுதான் கேள்வி. வளைவில் பிரேக்கையும் பிடிப்பையும் கவனிக்க உதவும் ஐஎம்யூ என்ற சென்சார் 2017 மாடலிலேயே வந்துவிட்டது; அந்தப் பாதுகாப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதவை முக்கியமாக க்ரூஸ் கன்ட்ரோல் (வேகத்தைத் தானே சீராக வைத்திருப்பது), க்விக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது), வண்ணத் திரை.

பத்து லட்சம் என்று சும்மா சொல்லவில்லை. 2024 டிசம்பரில் அறிமுகமானபோது ஷோரூம் விலை 13.49 லட்சம். அப்போது 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு விலைக்குள் அடங்கிய ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 31 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். இதற்கு மேல் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 12 சதவீதம், பிறகு காப்பீடு. உங்கள் 5 லட்சத்தைக் கழித்தாலும் கையிலிருந்து பத்துக்கு மேல் போகும். பழைய வண்டியில் நான் சொன்ன வேலைகள் எல்லாம் சேர்ந்தும் இதில் ஒரு சிறு பங்குதான் வரும்.

பழைய வண்டிக்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும். அது இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) முந்தைய, பிஎஸ்-4 என்ற பழைய மாசு விதிப்படி செய்த வண்டி. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அடிக்கடி பெங்களூரு, ஹைதராபாத் என்று நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டுபவராக இருந்தால் க்ரூஸ் கன்ட்ரோலுக்காகவே மாறச் சொல்லியிருப்பேன். மணிக்கணக்கில் ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடிக்கும் மணிக்கட்டு வலி எனக்கும் தெரியும். ஆனால் மலைப்பாதைக்கு க்ரூஸ் கன்ட்ரோல் உதவாது.

டயரும் ஃபோர்க் ஆயிலும் மாற்றிய பிறகு அதே கோத்தகிரிச் சாலையில் ஒருமுறை போய்வாருங்கள். அந்த வாரமே 1100 எஸ்எக்ஸை மனைவியையும் அமர்த்தி ஓட்டிப் பாருங்கள். பின் இருக்கையைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.